மூன்றாம் தலைமுறை ஐ5க்குப் புது மதர்போர்டு கிடைக்குமா?

கேள்வி: என் கம்ப்யூட்டர் 2013இல் அசெம்பிள் செய்தது. கோர் ஐ5-3470 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், கொஞ்சம் போட்டோ வேலையும் உண்டு. இப்போதெல்லாம் தினமும் காலையில் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. பவர் பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது. ஆன் ஆன பிறகும் பத்து நிமிடம் திணறுகிறது. பார்த்தவர்கள் போர்டு போய்விட்டது என்கிறார்கள். ப்ராசஸரும் ராமும் நன்றாக இருப்பதால் போர்டை மட்டும் விண்டோஸ் 11 போடக்கூடியதாக மாற்றிவிட நினைக்கிறேன். எதை வாங்கலாம்? என்னிடம் இருப்பது விஜிஏ மானிட்டர். பேரலல் போர்ட்டில் ஓடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இருக்கிறது. இரண்டும் தொடர்ந்து ஓட வேண்டும்.

பதில்:

முதலில் ஏமாற்றமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஐ5-3470 உட்காரவும் வேண்டும், விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கவும் வேண்டும் என்றால் அப்படி ஒரு போர்டு கிடையாது. இந்த ப்ராசஸர் 2012இல் வந்தது. அது பொருந்தும் எல்ஜிஏ1155 சாக்கெட்டை 2013இலேயே இன்டெல் கைவிட்டு 1150க்குப் போய்விட்டது. விண்டோஸ் 11 உங்களை வாசலிலேயே நிறுத்துவதற்குக் காரணம் போர்டு மட்டும் இல்லை, ப்ராசஸரும்தான். இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, ஏறக்குறைய அங்கிருந்துதான் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியல் தொடங்குகிறது. அதோடு டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் (சரிபார்த்த மென்பொருளை மட்டும் எழ விடும் ஏற்பாடு) எல்லாம் கேட்கும்.

சரி, அதற்கு முன்னால் இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளில் ஒன்றுகூடப் போர்டு போய்விட்டதற்கான உறுதியான அடையாளம் இல்லை. இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பிரித்து மாட்டுகிற வேலை பார்க்கிறேன். போர்டு போச்சு என்று என்னிடம் வந்த பெட்டிகளில் எத்தனையோ, போர்டைத் தொடாமலேயே சரியாகித் திரும்பிப் போயிருக்கின்றன. அதனால் எதையும் வாங்குமுன் இதை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

தேதி பின்னால் போவது பேட்டரி. போர்டின் மேல் நாணயம் மாதிரி உருண்டையாக ஒன்று இருக்கும், சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் புது பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், உங்களுடையது 2.7க்குக் கீழே இருந்தால் யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டுக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானே எழும்பி வரும். மாற்றியதும் பயாஸுக்குள் (விண்டோஸ் எழுமுன் போர்டே காட்டும் அமைப்புத் திரை) போய்த் தேதியைச் சரி செய்து சேமியுங்கள். தேதி தப்பாக இருக்கும்போது இணையதளங்கள் பாதுகாப்பானவை இல்லை என்று பிரவுசர் மிரட்டியிருக்குமே, அதுவும் இதோடு நின்றுவிடும்.

பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. பட்டனை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் தன்னுடைய வோல்டேஜ்கள் நிலைக்கு வந்துவிட்டன என்று போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்ப வேண்டும், அது வரும்வரை போர்டு ப்ராசஸரை எழுப்பாது. பன்னிரண்டு பதின்மூன்று வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். இரவெல்லாம் ஆறிக் கிடந்த பிறகு காலையில் தடுமாறும், சூடேறிய பிறகு மதியம் ஒரே அழுத்தில் ஆன் ஆகும். உங்களுடையது இப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். தெரிந்தவர்களிடம் நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கி, 24 பின் இணைப்பு, ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் 4 பின் இணைப்பு, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று, இந்த மூன்றை மட்டும் மாட்டிக் காலையில் ஆன் செய்து பாருங்கள். முதல் அழுத்திலேயே எழுந்தால் போர்டின் மேல் பழி இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தயவுசெய்து பிரித்துப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.

அப்படியே டார்ச் அடித்துப் போர்டையும் ஒரு முறை பாருங்கள். ப்ராசஸரைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன உருளைகள் நிற்கும், அவைதான் கெப்பாசிட்டர்கள். ஒவ்வொன்றின் தலையும் தட்டையாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தாலோ, அப்போது மட்டும் உங்களுக்குச் சொன்னவர்கள் சொன்னது சரி.

பத்து நிமிடத் திணறலுக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களை டிஸ்கின் மூலை முடுக்கெல்லாம் தேடிப் படிக்கிறது. சுழலும் தட்டில் முள் நகர்ந்து நகர்ந்து படிப்பதற்குள் நேரம் போய்விடும். சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்று, ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் மாட்டும் வகையாகப் போட்டால் இதே பழைய ஐ5 உங்களுக்கே அடையாளம் தெரியாது. எச்61 சிப்செட்டின் (ப்ராசஸரைப் போர்டின் மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) சாட்டா போர்ட்டுகள் 3 ஜிகாபிட் வேகம்தான், அதனால் எஸ்எஸ்டி தன் முழு வேகத்தில் ஏறக்குறைய பாதியில்தான் ஓடும். இருந்தாலும் தேடிப் படிக்கும் தாமதம் போய்விடுவதால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

ஆக ஒரு பேட்டரி, ஒரு எஸ்எம்பிஎஸ், ஒரு எஸ்எஸ்டி. அநேகமாக இவ்வளவில் உங்கள் பெட்டி எழுந்து நடக்கும்.

இதோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் உங்கள் வேலை தடுக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துவிட்டது. பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் மட்டும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால் கொஞ்ச நாள் தள்ளலாம். நீங்கள் அடுத்தவர்களின் வரவு செலவை வைத்திருக்கிறீர்கள், அவர்களுடைய வங்கி விவரமும் அதில் இருக்கும். அதைப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன சிஸ்டத்தில் வைத்து இணையத்தில் உலவுவது அவர்களுக்கும் உங்களுக்கும் நல்லதில்லை. அதனால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அவசரப்பட்டு ஒரு போர்டை மட்டும் வாங்கி அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. இப்போது வாங்குகிற எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் நாளைக்குப் புது போர்டுக்கு அப்படியே போகும். அடுத்ததற்கும் உதவுகிற சாமானை முதலில் வாங்குங்கள், போர்டு கடைசியில் வரட்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் அந்த எண்ணத்தோடு எடுங்கள். பேர் தெரிந்த கம்பெனி, 450 முதல் 550 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ் தரம், ப்ராசஸருக்கு 4+4 என்று பிரித்தும் சேர்த்தும் மாட்டக்கூடிய 8 பின் இணைப்பு. உங்கள் பழைய போர்டு அதில் பாதியை எடுத்துக்கொள்ளும், புதியது முழுதாக எடுத்துக்கொள்ளும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் புது போர்டை மாட்ட மட்டும் சம்மதிக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் சாகும்போது போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன். போனது ஒரு குடும்பத்தின் பத்து வருடப் போட்டோக்கள். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

தேடும்போது உங்கள் கண்ணில் ஒன்று படும், அதைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். எச்61 என்றே பெயர் போட்டு, பளபளவென்று புது அட்டைப்பெட்டியில், கேள்விப்படாத பெயர்களில் போர்டுகள் விற்கிறார்கள். இவற்றில் பெரும்பாலும் பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்செட்டைத்தான் புதுத் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். பயாஸ் அப்டேட் என்று எதுவும் வராது, ஸ்லீப்பில் போட்டால் எழாமல் போவது மாதிரி விநோதமெல்லாம் செய்யும். உங்கள் போர்டு உண்மையிலேயே இறந்து, அடுத்த செட் வாங்க ஆறு மாதம் ஆகும் என்ற நெருக்கடி வந்தால், நல்ல கம்பெனியின் பழைய பி75 போர்டு ஒன்றை ஓடவைத்துப் பார்த்து வாங்குங்கள். அதில் யுஎஸ்பி 3.0 உண்டு, 6 ஜிகாபிட் சாட்டா போர்ட் ஒன்றும் உண்டு. உங்கள் ப்ராசஸரும் ராமும் அப்படியே போகும். ஆனால் அதுவும் விண்டோஸ் 10 எல்லைக்குள்தான்.

இனி புது செட். போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை, தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் டிடிஆர்3 ராம் புது போர்டு எதிலும் நுழையாது. அதில் 240 பின், டிடிஆர்4இலும் 5இலும் 288. அந்த இரண்டுக்கும் பின் எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில், வோல்டேஜும் வேறு, ஒன்றை மற்றொன்றில் அழுத்திப் பார்க்கவே கூடாது. முதலில் ப்ராசஸரை முடிவு செய்யுங்கள், அது சாக்கெட்டைச் சொல்லும், சாக்கெட் போர்டைச் சொல்லும், போர்டு ராமைச் சொல்லும்.

கணக்கு வேலை, பிரவுசரில் இருபது டேப், போட்டோ திருத்தம், இவ்வளவுக்கும் நான் உங்களுக்குச் சொல்வது ஐ5-12400. 2022இல் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், சாக்கெட் எல்ஜிஏ1700. இதைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னக் காரணமும் உண்டு. இந்தச் சாக்கெட்டுக்கு வந்த 600 வரிசை, 700 வரிசை போர்டு எதிலும் இந்த ப்ராசஸர் பயாஸ் அப்டேட் கேட்காமல் எழும். 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் அப்படி இல்லை, 600 வரிசையில் பழைய ஸ்டாக் போர்டு கிடைத்தால் அப்டேட் செய்யாமல் ஓடாது. பெட்டியின் மேல் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 12400எஃப் என்றால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. உங்களிடம் தனி கார்டு இல்லாததால் எல்லாம் மாட்டி முடித்த பிறகும் மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். இந்த ஒரு எழுத்தால் திரும்பவும் அலைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏஎம்டி பக்கம் போக விரும்பினால் ரைசன் 5 5600ஜி. அதில் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது, ஏஎம்4 சாக்கெட், ஏ520 அல்லது பி550 போர்டு, டிடிஆர்4 ராம். உங்கள் வேலைக்கு இதுவும் தாராளம். பி450 போர்டு என்றால் மட்டும் பயாஸ் பழையதாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யாராவது ஆறாம், ஏழாம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் செட்டைக் குறைவாகத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். மறுபடியும் இதே விண்டோஸ் 11 வாசலில்தான் நிற்பீர்கள். எட்டாம் தலைமுறை என்றாலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 6, 7க்கும் 8, 9க்கும் சாக்கெட்டின் பெயர் ஒரே 1151தான், ப்ராசஸர் உட்காரவும் உட்காரும், ஆனால் ஆன் ஆகாது. 8, 9க்கு 300 வரிசை சிப்செட் வேண்டும்.

12400க்கு எந்த போர்டு என்றால், எச்610 போதும். கடைகளில் பி760ஐத் தள்ளப் பார்ப்பார்கள். அதில் ராம் ஸ்லாட் நான்கு கிடைக்கலாம், கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டிக்கு இன்னும் வேகமான பாதை கிடைக்கும், பின்னாளில் பெரிய ப்ராசஸர் போடுவதென்றால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியும் தெம்பாக இருக்கும். உங்களுக்கு இதெல்லாம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. எச்610இல் இரண்டு ஸ்லாட், அதில் 8 ஜிபி இரண்டாகப் போட்டு 16 ஆக்குங்கள். ஒரே 16ஆகப் போடுவதைவிட இரண்டாகப் போட்டால் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் நன்றாக ஓடும். போட்டோ வேலை பெருகப்போகிறது என்று உங்களுக்கே தெரிந்தால் மட்டும் பி760 எடுங்கள்.

டிடிஆர்4ஆ 5ஆ? இந்தச் சாக்கெட்டுக்கு இரண்டு வகை போர்டும் உண்டு, பல சமயம் ஒரே மாடல் பெயரில், கடைசியில் டி4 என்ற ஒட்டு மட்டும் வித்தியாசம். பெட்டியைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். உங்கள் வேலையில் வேக வித்தியாசம் தெரியாது. டிடிஆர்4 போர்டின் பெரிய லாபம் கையில் இருக்கும் பழைய டிடிஆர்4 ராமைப் பயன்படுத்துவது, உங்களிடம் அது இல்லை. எப்படியும் புது ராம்தான் வாங்கப்போகிறீர்கள் என்பதால், வாங்கும் அன்றைக்கு இரண்டு செட்டின் மொத்த விலையையும் பாருங்கள். வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் டிடிஆர்5, இதற்கு அடுத்த போர்டுக்கும் அந்த ராம் போகும். வித்தியாசம் கையைக் கடிக்கிற அளவு என்றால் டிடிஆர்4, அதில் ஒன்றும் குறைவில்லை.

மானிட்டர் பிரச்சினை எளிது. எச்610 போர்டுகளில் விஜிஏ போர்ட் உள்ளவை இன்னும் நிறைய வருகின்றன, பின்பக்கப் படத்தைப் பார்த்து எடுங்கள்.

பிரிண்டர்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். புது போர்டுகளின் பின்னால் பேரலல் போர்ட் அநேகமாக இருக்காது. சில எச்610 போர்டுகளில் தகட்டின் மேல் எல்பிடி என்று எழுதிய பின் வரிசை இருக்கும், அதற்கான பட்டையை மாட்டி வெளியே எடுத்துக்கொள்ளலாம். உற்பத்தியாளரின் தளத்தில் மேனுவலை இறக்கி, போர்டின் படம் வரைந்த பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு ஒன்று போடலாம், அதற்கு ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் போதும். பழைய போர்டுகளில் இருந்த நீள பிசிஐ ஸ்லாட் இனி அநேகமாக இருக்காது, எக்ஸ்பிரஸ் என்று கேட்டு வாங்குங்கள். யுஎஸ்பி மாற்று கேபிளும் விண்டோஸ் வழியாக அச்சடிக்கும் மென்பொருளுக்குப் பெரும்பாலும் போதும்.

இதில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் கணக்கு மென்பொருள் எது? அது கறுப்புத் திரையில் ஓடும் பழைய டாஸ் புரோகிராம் என்றால் அப்படியே நில்லுங்கள். 16 பிட் டாஸ் புரோகிராம்கள் 32 பிட் விண்டோஸில்தான் ஓடும், விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும். எவ்வளவு நல்ல போர்டு வாங்கினாலும் அது நேரடியாகத் திறக்காது. அப்படி இருந்தால் பழைய பெட்டியை இணையத்திலிருந்து துண்டித்து, பிரிண்டரோடு அந்த ஒரு வேலைக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. அப்போது புதுப் பெட்டிக்குக் கேபினெட்டும் தனியாகப் பார்க்க வேண்டிவரும்.

மாட்டும் நாளைக்கு இரண்டு விஷயம். எல்ஜிஏ சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, நாற்றங்கால் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து வரிசையாக, 1700 பின். சாய்த்துப் பார்த்தால் வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி ஓட வேண்டும், எங்காவது வரிசை கலைந்து தெரிந்தால் அந்தப் பின் மடங்கியிருக்கிறது. போர்டை வாங்கும் இடத்திலேயே மூடியைத் திறந்து இதைப் பார்த்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் வாரண்டியில் தகராறு வரும். இன்னொன்று, கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள். பழைய போர்டுக்காகப் போட்ட குமிழ் புது போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் நின்றால் அடிப்பக்கத்தில் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முழுப் பகலும் ராமை மாற்றி, ப்ராசஸரை மாற்றி, ஒன்றும் புரியாமல், கடைசியில் போர்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரே ஒரு குமிழ் அதிகமாக நின்றுகொண்டிருந்தது. நல்லவேளை போர்டு பிழைத்தது. அன்றிலிருந்து ஓட்டைகளை எண்ணி, குமிழ்களை எண்ணி, அப்புறம்தான் போர்டை வைக்கிறேன். பழைய கூலரும் வராது, 1155க்கும் 1700க்கும் ஓட்டைகளின் இடைவெளி வேறு, ப்ராசஸர் பெட்டியோடு வரும் கூலரே போதும்.

பழைய டிஸ்கில் இருக்கும் விண்டோஸோடு அப்படியே மாட்டி எழுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். 2013இல் போட்டது அநேகமாக லெகசி என்ற பழைய எழுப்பும் முறையில் இருக்கும், புது போர்டு யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் மட்டும்தான் எழும். புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டி ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், இதில் எதைத் தொடுவதற்கும் முன்னால், கணக்கு டேட்டா முழுவதையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து உறுதி செய்துவிடுங்கள். விண்டோஸ் 10 லைசென்ஸ் தனியாக வாங்கியது என்றால் புது போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தது என்றால் அது பழைய போர்டோடு முடிந்துவிடும்.

பேட்டரியை மாற்றி, இரவல் எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு காலை ஆன் செய்து பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். எழுதும்போது மென்பொருளின் பெயரையும், கேபினெட்டைத் திறந்து போர்டு முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள். குமிழ்கள் எங்கே இருக்கின்றன, எந்த அளவு போர்டு உட்காரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.